சவரியக்காவிடம் சொன்னது

சிதம்பரம்
12.7.2009

மாமா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் கேட்கப்போவதில்லை. போன வாரம் போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. நானும் லேசாகக் கத்தவில்லை. ஹாஸ்டலில் பக்கத்து அறை சுவேதா எட்டிப் பார்த்து, "யாருக்குடி என்ன ஆச்சு?" என்று பதறினாள். அதற்குள் அக்கா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி உத்தரவு போட்டுவிட்டாள்: "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. சொல்ல வேண்டியத எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள கோவம் பாதி போயிடும்." அனுப்பிரியா சொன்னால் மேல்முறையீடு கிடையாது என்பது கட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரியும், கூடப் பிறந்த எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கோபம். ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை, உங்கள் வெள்ளிமேட்டுக்குப்பத்துச் சுருக்குமடிப் போட்டுகளும் எங்கள் நாணல்குப்பத்து பைபர் போட்டுகளும் நடுக்கடலில் மோதிக்கொண்டன. அந்தப் பெரிய வலை கூட்டத்தையே வளைத்து அள்ளிக்கொண்டு போனால் எங்கள் சின்ன வலைக்கு என்ன மிஞ்சும் என்பது எங்கள் ஊர் நியாயம். அந்த வலையை நம்பி நாற்பது குடும்பம் இருக்கிறது என்பது உங்கள் ஊர் நியாயம். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரோ துடுப்பால் அடித்துச் செம்பியன் சித்தப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா சுனாமி அலையில் போன பிறகு எனக்கும் அக்காவுக்கும் அவர்தான் அப்பா. அந்த டிசம்பரில் அப்பாவின் உடலைத் தேடி நீங்களும் அவரும் இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கரையெல்லாம் நடந்தீர்கள். இப்போது அவர் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து வாரமாகியும் நீங்கள் ஒரு நடை வந்து பார்க்கவில்லை. மனசு எப்படி வந்தது மாமா உங்களுக்கு?

ஊர்க்கட்டு என்பீர்கள். தெரியும். இரண்டு ஊருக்கும் போக்குவரத்துக் கிடையாது, பெண் எடுப்பது கொடுப்பது கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. மீறுகிற குடும்பம் கடலில் இறங்க முடியாது. சரி, அக்கா என்ன செய்வாள்? ஐந்து வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராமல் எங்கே போவாள்? அம்மா இப்போதே பழைய நூல் புடவைகளாகப் பார்த்துத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பின அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் ஒன்று செய்யப்போகிறேன். நான் எம்.ஃபில். படிப்பது சமாதானத்தைப் பற்றி. (நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.) என் ஆய்வுக்கு வழிகாட்டும் தில்லைநாதன் சாரிடம் பேசிவிட்டேன். ஒரு தொண்டு நிறுவனம் உதவுகிறது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இடம், செப்டம்பர் ஆறாம் தேதி ஞாயிறு. ஊருக்கு ஐந்து பேர். உங்கள் பக்கத்து ஐந்து பேரைக் கூட்டிவருவது உங்கள் பொறுப்பு.

கோபத்துடனும், அது போக மிச்சமுள்ள அன்புடனும்,
இளமதி

*

வெள்ளிமேட்டுக்குப்பம்
21.7.2009

அன்புள்ள மதிக்கு,

பத்தாவதோடு பேனாவை வைத்தவன் நான். பன்னிரண்டு வருஷம் கழித்து உன் அக்கா மறுபடியும் எடுக்க வைத்துவிட்டாள். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "கையெழுத்தா இது, நண்டு ஓடுன மாதிரி இருக்கு" என்கிறாள். பொறுத்துக்கொள்.

உன் கோபம் நியாயம்தான். நான் வந்து பார்த்திருக்க வேண்டும். வராததற்கு ஊர்க்கட்டு மட்டும் காரணமில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அனு நன்றாக இருக்கிறாள். மசக்கை விடவில்லை. என் அம்மா தைலம்மாள் விதவிதமாகச் செய்து கொடுத்துப் பார்க்கிறாள், ஒன்றும் தங்கவில்லை. உன் அம்மா பொடி இறாலை வறுத்து இடிக்கும் சென்னாக்குனிப் பொடிதான் வேண்டுமாம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு முகத்துவாரம், ஒன்றரைக் கிலோமீட்டர். அதைத் தாண்டி ஒரு டப்பா பொடி வர வழியில்லை. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கரையில் நின்று உங்கள் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பி, "ஒண்ணுமில்ல, காத்து வாங்குறேன்" என்றாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை மதி.

உன் சமாதானக் கூட்டத்தை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. சமாதானத்துக்கு ஒரு படிப்பு, அதில் பரீட்சை வேறு. பெயிலானவர்கள் சண்டை போடப் போய்விடுவார்களா? கிண்டல் இருக்கட்டும், ஆளைக் கூட்டிவருகிறேன். எங்கள் ஊர்த் தலைவர் தங்கராசு அண்ணன் முதலில் முறைத்தார். "பொம்பளப் புள்ள கூப்பிட்டு நாம போறதா?" என்றார். "நம்ம வீட்டுப் பொண்ணோட தங்கச்சிண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் வலையை முடிந்துகொண்டே இருந்தார். பிறகு, "சாப்பாடு உண்டா?" என்றார். வருகிறோம் என்று அர்த்தம்.

உன் மாமன்,
ராஜவேல்

*

சிதம்பரம்
8.9.2009

மாமா,

சாம்பார் அப்படியே இருந்தது. இருபது பேருக்குச் சொன்ன சாப்பாட்டைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதேன், நேற்று முழுக்கக் கோபப்பட்டேன், இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். எங்கே தவறு என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் முறைப்படிதான் செய்தேன். நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டேன், யாரும் மேலே கீழே இல்லை என்பதற்காக. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்று விதி சொன்னேன். "எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்து, நீங்க இப்படிச் செஞ்சப்போ எனக்கு இப்படி வலிச்சுதுன்னு நேரா சொல்லுங்க" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ இடத்தில் அப்படிச் செய்து பலித்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பழனிவேல் பெரியப்பா எழுந்தார். தங்கராசு அண்ணனின் கண்ணைப் பார்த்தார். நான் சொன்னதைத்தான் செய்தார் பாவம். "நீ..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். "யாரப் பாத்து நீங்கிற?" என்று தங்கராசு அண்ணன் எழ, நாற்காலி விழ, இரண்டு நிமிஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கூட்டத்துக்கு முன்னால் சண்டை கடலில் மட்டும்தான் இருந்தது. இப்போது சிதம்பரத்துக் கல்யாண மண்டபம்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

அதைவிட எனக்கு வலித்தது நீங்கள். சித்தப்பா கட்டுப் போட்ட கையோடு உங்களுக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வந்ததிலிருந்து போகும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. "எப்படி இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை. அதுகூட முடியவில்லையா? உங்களை நம்பித்தான் இத்தனையும் செய்தேன்.

தில்லைநாதன் சார் மட்டும் ஒன்று சொன்னார். "சண்டை நின்னுபோறது ஒரு அமைதி, சண்டைக்கான காரணம் போறது இன்னொரு அமைதின்னு எழுதியிருக்கியே, நல்லா இருக்கும்மா. ஆனா இவுங்க எப்பவும் எப்படிப் பேசிக்குவாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?" என்று கேட்டார். என் ஆய்வேட்டின் நூற்றிருபது பக்கத்தையும் புரட்டினேன். எழுதவில்லை.

இளமதி

*

வெள்ளிமேட்டுக்குப்பம்
14.9.2009

அன்புள்ள மதி,

உன் சார் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், எழுதிக்கொள். எங்கள் சபையில் எவனும் எவன் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். என் மேல் குற்றம் சொல்பவன் என்னிடம் சொல்வதில்லை, சபையிடம் சொல்வான். "சபைக்குச் சொல்றேன், நம்ம ஊர்ல ஒருத்தர் இப்படிச் செஞ்சிட்டார்" என்பான். நானும் சபைக்குத்தான் பதில் சொல்வேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கண்ணைப் பார்த்து நீ என்று சொன்னால் அடிக்க வருகிறான் என்று அர்த்தம். நீ நல்லது நினைத்து அவர்களைச் சண்டைக்கு நிறுத்தி வைத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை. இதையெல்லாம் ஆம்பிளைகள் கூடிய இடத்தில் உன்னை உட்கார வைத்து யார் காட்டினார்கள்? சபைப் பக்கம் பெண்களை அண்ட விடாத எங்கள் மேல்தான் தப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கராசு அண்ணன் கோபம் தணிந்து ஒன்று சொன்னார். "அவுங்க ஊர்க்கட்ட அவுத்தா நாமளும் அவுப்போம். அடிபட்டவரு எழுந்து எனக்கு மனத்தாங்கல் இல்லன்னு அவுங்க சபையில சொல்லட்டும். அத மீறி எவனும் பேச முடியாது" என்றார். இரண்டு ஊரிலும் வழக்கம் அதுதான். அப்படியானால் எல்லாம் உன் சித்தப்பாவின் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அனு உங்கள் வீட்டுக்கு வருவதும் அதில்தான் இருக்கிறது.

போன கடிதத்தில் பிறகு எழுதுகிறேன் என்றது இதுதான். அந்தத் துடுப்பு என் கையில் இருந்தது.

அவர் என்று தெரிந்து அடிக்கவில்லை. போட்டுகள் இரண்டும் இடித்து ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் வலைக்கயிற்றை ஒரு கை பிடித்து அறுக்கப் பார்த்தது. அந்தக் கையைத்தான் பார்த்தேன். அடித்த பிறகுதான் கைக்கு மேலே முகத்தைப் பார்த்தேன். உடனே எங்கள் ஆட்கள் என்னைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

அனுவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா நான் எப்படிம்மா வீட்டுக்குப் போவேன்" என்று என் அம்மாவிடம் கேட்டு அழுதாள். அதனால்தான், மதி, நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த முகத்தோடு நிமிர்ந்து பார்ப்பேன்?

இனி நீ என்னை மாமா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

ராஜவேல்

*

வெள்ளிமேட்டுக்குப்பம்
12.10.2009

மதி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் உன் அக்கா எழுந்து நிற்கிறாள். எனக்கு எழுத வேண்டாம், அவளுக்காவது எழுது. கால் வீக்கம் ஜாஸ்தியாக இருக்கிறது. நர்சு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உப்பைக் குறைத்தால் அவளுக்கு வாய்க்கே பிடிக்கவில்லை. கடற்கரையில் குடியிருப்பவளிடம் உப்பைக் குறை என்றால் என்ன செய்வாள் பாவம்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

ராஜவேல்

*

சிதம்பரம்
3.11.2009

மாமா,

கூப்பிட்டுவிட்டேன், போதுமா?

ஐம்பது நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களை மகாபாவி என்று எழுதியிருந்தேன். மறுநாள் படித்தால் எனக்கே பொறுக்கவில்லை. நீங்கள் சொல்லாமலே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப்போவதில்லை. சொன்னீர்களே, அதுதான் என்னை என்னவோ செய்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள், கேட்க வேண்டியவர் சித்தப்பா. நடுவில் நான் யார்?

இப்போது ஒரு விஷயம். உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் அம்மாவோடு துறைமுகத்துக்குப் போனேன். காலை ஐந்தரை மணி. மீன் ஏலம் எடுத்த பிறகு நம் இரண்டு ஊர்ப் பெண்களும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம் சவரியம்மாளின் டீக்கடைதான். உங்களுக்கு அவரைத் தெரியும். இரண்டு ஊருக்கும் சேராதவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக மட்டும் கடையை மூடுவார். கடையின் இந்த ஓரத்தில் அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த ஓரத்தில் உங்கள் அம்மா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஊர்க்கட்டை மதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

உங்கள் அம்மா பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த சவரியம்மாளிடம், "சவரி, எங்க ஊட்டுல ஒரு புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கிக் கெடக்கு. ராத்திரி பொரண்டு பொரண்டு படுக்குது" என்றார்.

என் அம்மா தன் கூடையைப் பார்த்துக்கொண்டே, "சவரி, கால் வீக்கத்துக்குப் பார்லி கஞ்சித் தண்ணி குடுக்கணும். இடது பக்கமா ஒருக்களிச்சிப் படுக்கச் சொல்லணும். சின்ன வயசுலேருந்து அது மல்லாந்துதான் படுக்கும், சொன்னா கேக்காது" என்றாள்.

"கேக்குற புள்ளதான் சவரி. நான் சொன்னா கேக்கும். தங்கமான புள்ள."

"பெத்தவளுக்குக் கேக்கச் சந்தோசமா இருக்கு சவரி."

சவரியக்கா பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தார் மாமா. பஸ் வந்தது. அம்மா ஒரு டப்பாவை டீக்கடைப் பலகையில் வைத்துவிட்டு ஏறினாள். சென்னாக்குனிப் பொடி. உங்கள் அம்மா அதை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். ஜூலைக் கடைசியிலிருந்து இப்படித்தான் நடக்கிறதாம். அக்காவுக்கு எந்த மாதம் என்ன சொன்னார்கள், ஸ்கேனில் என்ன வந்தது, எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். நான் மண்டபம் பிடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். பொடி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லையா? தட்டில் வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ஜாதிதானே நீங்கள்.

சாடை பேசுவது சண்டைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். "சிலபேர் இருக்காங்க" என்று சுவரைப் பார்த்துத் திட்டுவதுதான் நமக்குத் தெரியும். அதே வழியில் அன்பையும் அனுப்ப முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாலாவது அத்தியாயத்தத் தூக்கிப் போட்டுட்டு இத எழுது" என்றார். எழுதுகிறேன். உங்கள் சபையில் நடப்பதும் இதுதானே. நீங்கள் சபையைப் பார்த்துப் பேசுகிறீர்கள், இவர்கள் சவரியக்காவைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இப்போது உங்கள் வேலை. சித்தப்பாவுக்கு இன்னும் வலை இழுக்கக் கை வரவில்லை. அம்மாவுக்குத் துணையாகத் துறைமுகத்துக்கு வருகிறார். ஆறு மணிக்குச் சவரியக்கா கடையில் கடலைப் பார்த்து உட்கார்ந்து டீ குடிப்பார். போங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். சவரியக்காவிடம் சொல்லுங்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது மாமா. கதவை ஒரேயடியாகச் சாத்தினாலும் சாத்துவார். அக்காவுக்கு எட்டாம் மாதம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் அவளைக் கூட்டிவந்தால், அந்த வீட்டில் நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. எனக்கு உங்களைத் தெரியும்.

அன்புடன்,
இளமதி

*

வெள்ளிமேட்டுக்குப்பம்
19.11.2009

அன்புள்ள மதிக்கு,

இன்று காலைதான் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஏன் இத்தனை நாள் என்று திட்டாதே. நாலு முறை துறைமுகம்வரை போய்த் திரும்பினேன். ஒருமுறை டீக்கடைக்குப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டுப் பஞ்சர் ஒட்டுகிறவனிடம் போய்க் காற்று அடித்துக்கொண்டு வந்தேன். காற்று இருந்த சைக்கிளுக்கு. நேற்று உன் அக்கா, "ஒன்பதாம் மாசம் பொறக்கப் போவுது. நீ போறியா, நானே நடந்து போவட்டுமா?" என்றாள். அதனால் இன்றைக்குப் போனேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. உன் சித்தப்பா நீ சொன்னபடியே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் கிளாசைப் பிடித்திருந்தார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். சவரியக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். டீயைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

"சவரியக்கா" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஜூன் மாசம் கடல்ல ஒருத்தருக்குக் கை ஒடஞ்சிது. அந்தத் துடுப்பு எங்கையில இருந்துது. அவருன்னு தெரியாம அடிச்சிட்டேன். தெரிஞ்சப்புறம் சொல்றதுக்குத் தைரியம் வரல. எனக்கு என்ன தண்டன வேணா குடுக்கட்டும். எம்பொண்டாட்டிய மட்டும் தாய்வீட்டுக்குச் சேத்துக்கச் சொல்லுங்க."

சவரியக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். உன் சித்தப்பா திரும்பவில்லை. கிளாசில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சவரி, மூணு மொழம் தள்ளி நின்னவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். போலீசு கேட்டுச்சி, ஊரு கேட்டுச்சி, எங்க அண்ணியும் கேட்டாங்க. தெரியலன்னுட்டேன். பேரச் சொன்னா அப்புறம் எம்பொண்ணு எந்த வழியா ஊட்டுக்கு வருவா? அவளுக்கு ஒம்பதாம் மாசம் பொறக்கப் போவுது, இனிமே தாங்காதுன்னு நேத்து சாயங்காலமே சபையில எழுந்து எனக்கு மனத்தாங்கல் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எங்க ஊர்க்கட்டு அவுந்துபோச்சி. அவன் வந்து சொல்லுவான்னு தெரியும் சவரி. இவ்ளோ நாளாக்குவான்னுதான் தெரியாது."

எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது மதி. அழுதேன். துறைமுகத்தில் அத்தனை பேருக்கு முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வலைச் சண்டை தீரவில்லை, அது கலெக்டர் ஆபீசில் கிடக்கிறது. நாளைக்கே கடலில் மறுபடியும் முறைத்துக்கொள்வோம். அதெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை.

அவர் எழுந்து கிளாசைப் பலகையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"டீ ஆறுது மாப்ள" என்றார். "குடிச்சிட்டு வா, போயி அவளக் கூட்டியாரலாம்."

உன் மாமன்,
ராஜவேல்